கழுகுக் குஞ்சின் வெள்ளைச் சீருடை

நாடகம் முடிகிற இடத்திலிருந்து தொடங்குகிறேன். வியன்னாவின் ஷோன்புருன் அரண்மனை. இருபத்தொரு வயதுப் பையன் ஒருவன் இப்போதுதான் கண்ணை மூடியிருக்கிறான். அவன் நெப்போலியனின் மகன். ஆறு அங்கமாக அவனோடு சேர்ந்து இருமி, ஏங்கி, அழுதுகொண்டிருந்த கூட்டத்துக்கு முன்னால் ஆஸ்திரியாவின் தலைமை அமைச்சர் மெட்டர்னிக் ஒரே ஒரு வரி சொல்கிறார்: “அவருக்கு அந்த வெள்ளைச் சீருடையை மறுபடி மாட்டிவிடுங்கள்.” திரை விழுகிறது.

வெள்ளை, அன்றைய ஆஸ்திரிய ராணுவத்தின் நிறம். பிரெஞ்சுக்காரனாகச் செத்தவனை ஆஸ்திரியனாக்கிப் புதைக்க ஒரு சட்டை போதும் என்பது மெட்டர்னிக்கின் கணக்கு. எட்மோன் ரொஸ்தான் எழுதிய ‘லெக்லோன்’ நாடகத்தில் அரசியல் உண்டு, போர் உண்டு, காதலும் கொஞ்சம் உண்டு. ஆனால் படிக்கப் படிக்க எனக்குக் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது துணிதான். இந்தப் பையனுக்கு யார் எந்தச் சட்டையை மாட்டுகிறார்கள் என்பதுதான் நாடகத்தின் கதை. அது மேடையேறிய கதையும் ஏறத்தாழ அதேதான்.

‘லெக்லோன்’ என்றால் கழுகுக் குஞ்சு. கழுகு நெப்போலியனின் சின்னம். மகனுக்கு இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது விக்தோர் ஹ்யூகோவின் ஒரு கவிதையால். இங்கிலாந்து கழுகை எடுத்துக்கொண்டது, ஆஸ்திரியா குஞ்சை எடுத்துக்கொண்டது என்று ஹ்யூகோ எழுதினார். பையன் இறந்த 1832-ஆம் ஆண்டுக் கவிதை அது.

பிறப்பு என்னவோ அமர்க்களம்தான். 1811 மார்ச் 20 அன்று பாரிஸில் பீரங்கி முழங்கத் தொடங்கியது. பெண் குழந்தை என்றால் 21 குண்டு, ஆண் என்றால் 101 என்று முன்பே அறிவித்திருந்தார்கள். ஊரே தெருவில் நின்று எண்ணியது. 22-ஆவது குண்டு வெடித்ததும் ஆரவாரம். தொட்டிலில் கிடந்த குழந்தைக்கு அப்போதே பட்டம், ரோமாபுரி அரசன். மூன்று வருடத்தில் எல்லாம் கவிழ்ந்தது. 1814-இல் அப்பா எல்பா தீவுக்குப் போனார். அம்மா மரீ லூயிஸ் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பிறந்த வீடான வியன்னாவுக்குப் போனாள். 1815-இல் இரண்டாம் முறை பதவி விலகியபோது நெப்போலியன் மகனைத்தான் வாரிசாக அறிவித்தார். அந்த வகையில் நான்கு வயதுப் பிள்ளை சில நாட்கள் பெயரளவில் பிரான்சின் பேரரசன், அதுவும் வியன்னாவில் இருந்தபடியே. அப்புறம் தாத்தா, ஆஸ்திரியப் பேரரசர் பிரான்சிஸ், பேரனின் பெயரையே மாற்றினார். நெப்போலியன் போய் ஃப்ரான்ஸ் ஆனான். 1818-இல் ரைக்ஸ்டாட் கோமகன் என்று புதுப் பட்டமும் வந்தது. அம்மா இத்தாலியில் உள்ள பார்மாவை ஆளப் போய்விட்டாள். பிள்ளை வியன்னாவில் தங்கினான், படித்தான், ராணுவத்தில் சேர்ந்தான், காசநோயில் இறந்தான். தொட்டிலுக்கும் கல்லறைக்கும் நடுவே தன் வாழ்க்கை ஒரு பெரிய பூஜ்யம் என்று அவனே சொன்னதாக ஒரு பேச்சு உண்டு.

நாடகக்காரனுக்கு இதுதான் சிக்கல். எதுவுமே செய்யாமல் போனவனை வைத்து ஆறு அங்கம் எழுதுவது எப்படி? அதுவும் செய்யுளில், ஒவ்வொரு அடியும் 12 அசையாக, எதுகை பிசகாமல்?

1897 டிசம்பரில் ‘சிரானோ தெ பெர்ஜராக்’ அரங்கேறியபோது ரொஸ்தானுக்கு 29 வயது. அந்த வெற்றிக்குப் பிறகு பிரான்சே அவருடைய அடுத்த நாடகத்துக்காகக் காத்திருந்தது. சிரானோ வாள் வீசுவான், பேசிப் பேசியே பத்து பேரை மடக்குவான். அடுத்த நாயகனோ வாளை எடுப்பதற்குள் மூச்சு வாங்குகிறவன். ரொஸ்தான் துணிந்து அந்த பூஜ்யத்தையே கதையாக்கினார். பையன் தப்பிக்க வேண்டும், பாரிஸுக்குப் போக வேண்டும், அரியணை ஏற வேண்டும் என்று எல்லோரும் துடிக்கிறார்கள். அவனும் துடிக்கிறான். நடப்பதில்லை. அவ்வளவுதான்.

முதல் அங்கத்திலேயே தையற்காரர் வருகிறார். பாரிஸிலிருந்து வந்த தையற்காரரும், அளவு பார்க்க ஒரு பெண்ணும். இருவருமே வேஷம். அந்தப் பெண் நெப்போலியனின் தங்கை மகள், கமெராட்டா சீமாட்டி. துணி காட்டுகிற சாக்கில் சதித்திட்டத்தை விரிக்கிறார்கள். இந்தச் சீமாட்டி கற்பனையல்ல. 1830-இல் வியன்னாவில் உண்மையிலேயே கோமகன் எதிரே போய் நின்று அவன் கையில் முத்தமிட்டவள்.

அதே அங்கத்தில் சரித்திர வகுப்பும் நடக்கிறது. ஆஸ்திரியா தோற்ற போர்களை எல்லாம் ஆசிரியர்கள் நைசாகத் தாண்டிப் போகிறார்கள். பையன் குறுக்கிட்டு, அவர்கள் விழுங்கிய போர்களைத் தேதி வாரியாகக் கொட்டுகிறான். யார் சொல்லிக்கொடுத்தது? இரவில் அவனைப் பார்க்க நாட்டியக்காரி ஃபானி எல்ஸ்லர் வருவாள். அரண்மனை அதைக் காதல் என்று நினைத்துக் கண்டுகொள்ளாமல் விடுகிறது. அவளோ நெப்போலியனின் போர்களை மனப்பாடம் செய்துகொண்டு வந்து ஒப்பிக்கிறாள். காதலி வந்து ஆஸ்டர்லிட்ஸ் பாடம் நடத்தும் காட்சி வேறு எந்த நாடகத்திலும் எனக்குத் தெரிந்து இல்லை.

அடுத்த அங்கத்தில் மரச் சிப்பாய்கள். போர்க்கலை பழகுவதற்காகப் பையனிடம் ஒரு பெட்டி நிறைய ஆஸ்திரிய பொம்மைச் சிப்பாய்கள் இருக்கின்றன. ஒருநாள் மூடியைத் திறக்கிறான். அத்தனையும் பிரெஞ்சுச் சிப்பாய்களாக மாறியிருக்கின்றன! யாரோ ஒவ்வொன்றாக எடுத்து, சின்னத் தூரிகையால் நெப்போலியன் படையின் நிறங்களைத் தீட்டி வைத்திருக்கிறார்கள். அந்தக் கை ஃபிளாம்போ என்ற கிழவனுடையது. நெப்போலியனின் பழைய சிப்பாய், இப்போது அரண்மனை எடுபிடியாக வேஷம் போட்டுக்கொண்டு ஒற்றர்களுக்கு நடுவே உலாவுகிறான். இங்கேயும் கவனியுங்கள், விடுதலையின் முதல் அடையாளம் உடை மாற்றம்தான். பொம்மைக்குக்கூட.

ஃபிளாம்போவை ஏன் மக்கள் தலையில் தூக்கி வைத்தார்கள் என்பதற்கு ஒரு காட்சி போதும். நெப்போலியனைக் கைவிட்டுப் போன தளபதி மார்மோன் பையனிடம் நியாயம் சொல்கிறார். என்ன செய்வது, களைத்துப் போயிருந்தோம் என்கிறார். மூலையில் எடுபிடி உடையில் நின்ற ஃபிளாம்போவுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. அப்போ நாங்கள்? சின்னவர்கள், பெயர் தெரியாதவர்கள், தோளில் பட்டை இல்லாதவர்கள், காயத்தோடும் சேற்றோடும் காய்ச்சலோடும் நடந்தோமே, நாங்கள் களைக்கவில்லையா என்று வெடிக்கிறான். பட்டை இல்லாதவர்கள் என்ற அந்தச் சொல் பிரெஞ்சுப் பேச்சு வழக்கில் நிலைத்துவிட்டது. நூறு வருடம் கழித்து, 2002 ஏப்ரலில் அதிபர் தேர்தலின் முதல் சுற்றைத் தாண்டிய இரவில், தீவிர வலதுசாரித் தலைவர் ழான்-மரீ லெ பென் அதே சொற்களைத்தான் வாக்காளர்களைப் பார்த்துப் பயன்படுத்தினார். ஒரு மேடை வசனம் எங்கெல்லாம் போய்ச் சேர்கிறது பாருங்கள்.

ஆனால் நாடகத்தின் உச்சம் மூன்றாம் அங்கத்தின் முடிவு. இரவு. மெட்டர்னிக் தனியாக வருகிறார். மேசை மேல் ஒரு சின்னக் கறுப்புத் தொப்பி, நெப்போலியனுடையது. அதைப் பார்த்துப் பேச ஆரம்பிக்கிறார். இத்தனை வருட வெறுப்பும் பயமும் அந்தத் தொப்பியிடம் கொட்டுகிறது. திரும்பினால் கதவருகே பிரெஞ்சுக் காவற்படைச் சீருடையில் ஒருவன் துப்பாக்கியோடு நிற்கிறான். எடுபிடி உடையைக் கழற்றிப் போட்டுவிட்ட ஃபிளாம்போ. இதே ஷோன்புருனில் 1805-லும் 1809-லும் நெப்போலியன் வெற்றியாளனாகத் தங்கியிருந்திருக்கிறார். ஒரு கணம் மெட்டர்னிக்குக் காலம் புரண்டுவிடுகிறது. கதவுக்குப் பின்னால் தூங்குவது அவர்தானோ? கதவு திறக்கிறது. வெளியே வருவது இருமிக்கொண்டு, வெளிறிப்போய், இரவு உடையில் ஒரு பையன்.

பயந்த மனிதன் பழி வாங்காமல் விடுவானா? மெட்டர்னிக் அவனைக் கண்ணாடி முன் இழுத்து நிறுத்துகிறார். பார், இது உன் அப்பன் முகமா? இந்த உதடு யாருடையது, இந்த வெளிறிய முடி யாருடையது? எல்லாம் உன் அம்மா வீட்டுச் சொத்து, ஹாப்ஸ்பர்க் முகம் என்று ஒவ்வொன்றாகச் சுட்டிக் காட்டுகிறார். பையன் கண்ணாடியை உடைக்கிறான். சட்டையை மாற்றலாம், முகத்தை என்ன செய்வது?

1900 மார்ச் 15 அன்று பாரிஸில் அந்தக் கண்ணாடியை உடைத்தவருக்கு வயது 55. பெண். பிரெஞ்சு நடிகை சாரா பெர்னார்ட்.

நம் மேடையில் ஸ்திரீபார்ட் என்றால் ஆண்கள் போட்ட பெண் வேஷம். பாரிஸில் சாரா அதைத் திருப்பிப் போட்டார், ராஜபார்ட் அவருக்கு. 1896-இல் லோரன்சாச்சோ, 1899-இல் ஹாம்லெட், அடுத்த வருடம் கழுகுக் குஞ்சு. மூன்றும் யோசித்து யோசித்தே செயலிழந்து போகிற இளைஞர்கள். இப்படிப்பட்ட பாத்திரத்தைப் புரிந்துகொள்கிற வயது ஓர் ஆணுக்கு வரும்போது தோற்றம் முற்றிவிடுகிறது, தோற்றம் பொருந்துகிற வயதில் புரிவதில்லை, அதனால்தான் பெண் பொருத்தம் என்பது அவர் வாதம். சுயநலமான வாதம்தான், ஆனால் இந்த நாடகத்துக்கு அச்சாகப் பொருந்துகிறது. எந்த உடம்பும் தன்னுடையதாகத் தோன்றாத ஒருவனை, உடம்பாலேயே அவனாக இல்லாத ஒருவர் நடிக்கிறார். நான்காம் அங்கத்தின் முகமூடி நடனத்தில் கோமகன் தப்பிக்க வேண்டும் என்பதற்காகக் கமெராட்டா சீமாட்டி அவனுடைய வெள்ளைச் சீருடையில் அவனாக நிற்பாள். ஆண் வேஷத்தில் ஒரு பெண், அவளைப் போலவே இன்னொரு பெண் ஆண் வேஷத்தில். பார்த்தவர்களுக்குத் தலை சுற்றியிருக்கும்.

சாராவின் அந்தப் படங்கள் இன்றும் கிடைக்கின்றன. உயர்ந்த கழுத்துப்பட்டை, உடம்பை ஒட்டித் தைத்த வெள்ளைக் கோட்டு, முழங்கால் வரை பூட்ஸ். அந்த ஆடை டூசே ஆடையகத்தில் உருவானது. பிற்காலத்தில் பாரிஸ் நாகரிகத்தையே புரட்டிப்போட்ட பால் புவாரே அப்போது அங்கே வேலை பார்த்த இளைஞர். ஒத்திகையின்போது வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் மேடையமைப்பைக் கிண்டலடிக்க, அது சாராவின் காதில் விழுந்து, வேலை போனது என்பார்கள். சீமாட்டி கதையில் வரும் போலித் தையற்காரருக்காவது கொஞ்சம் நிதானம் இருந்தது.

அரங்கமும் சாராவுடையதுதான். ஷாத்லே சதுக்கத்தில் பாரிஸ் நகராட்சிக்குச் சொந்தமான கட்டடத்தை 1899-இல் குத்தகைக்கு எடுத்துத் தன் பெயரையே வைத்திருந்தார். ஃபிளாம்போவாக லூசியன் கீத்ரி. அந்த ஏப்ரலில் உலகக் கண்காட்சி திறந்தது, ஊரெல்லாம் வெளியூர்க் கூட்டம். நாடகம் மாதக்கணக்கில் ஓடியது.

நேரமும் அப்படிப்பட்ட நேரம். 1870-71-இல் ஜெர்மனியிடம் தோற்று அல்சாஸையும் லொரைனின் ஒரு பகுதியையும் இழந்த நாடு. போதாததற்கு டிரைஃபஸ் வழக்கு வீட்டுக்கு வீடு சண்டை மூட்டியிருந்தது. உளவாளி என்று பொய்யாகக் குற்றம் சாட்டப்பட்ட யூத ராணுவ அதிகாரிக்கு 1899 செப்டம்பரில் ரென் நகரில் மறுபடியும் தண்டனை, பத்து நாளில் மன்னிப்பு. ரொஸ்தான், சாரா இருவருமே டிரைஃபஸ் பக்கம் நின்றவர்கள். அவர்கள் போய் ராணுவப் பெருமை பேசும் நாடகம் போட்டால்? எதிர்த்தரப்புத் தேசியவாதிகள் வந்து கைதட்டினார்கள், இவர்கள் தரப்பும் கைதட்டியது. ரொஸ்தான் முன்னெச்சரிக்கையாக நூலின் தொடக்கத்தில் நான்கடி எழுதி வைத்திருந்தார்: எந்தக் கட்சியையும் நான் தாக்கவில்லை, தாங்கவுமில்லை, இது ஒரு பாவப்பட்ட குழந்தையின் கதை, அவ்வளவுதான் என்று. நான் அதை முழுசாக நம்பவில்லை. ஐந்தாம் அங்கம் அதைப் பொய்யாக்குகிறது.

தப்பித்த கோமகன் வியன்னாவுக்கு வெளியே வாக்ராம் சமவெளியில் நிற்கிறான். 1809-இல் அவன் அப்பா வென்ற களம் அது, 3 லட்சம் பேர் மோதிய இடம். தனக்காக வெள்ளைச் சீருடையில் நிற்கும் சீமாட்டிக்கு ஆபத்து என்று தெரிந்ததும் குதிரை ஏறாமல் தயங்குகிறான். அதற்குள் போலீஸ் வந்துவிடுகிறது. ஃபிளாம்போ தன்னையே குத்திக்கொள்கிறான். சாகிற கிழவனுக்குப் பையன் வாக்ராம் போரை அப்போதே நடப்பது போல் வருணித்துக் காட்டுகிறான், அவன் போர்க்களத்தில் செத்ததாக நினைத்துக்கொண்டு சாகட்டும் என்று. பிறகு தனியாகிறான். காற்று முனகத் தொடங்குகிறது. மெல்ல அந்த முனகல் சொற்களாகிறது: தண்ணீர், என் கால், காக்கை வருகிறது. செத்தவர்களின் குரல். வெற்றிக்கு யார் விலை கொடுத்தார்கள் என்று அந்த இரவில்தான் அவனுக்குத் தெரிகிறது. அந்தக் கடனுக்குத் தானே ஈடு என்று கைகளை விரிக்கிறான். விடிகிறது, படை ஒன்று வருகிறது. பார்த்தால் ஆஸ்திரியப் படை, அவனுடைய சொந்தப் படைப்பிரிவு. அவன் வாளை உருவி அவர்களுக்கே ஆணை கொடுத்து நடத்திப் போகிறான். பெருமையும் குற்ற உணர்வும் ஒரே மூச்சில். இதை எழுதியவருக்குக் கட்சி இல்லாமல் இருக்கலாம், கருத்து இல்லாமல் இல்லை. வாக்ராம் காட்சியின் ஒரு பகுதியை 1910-இல் எடிசன் நிறுவனம் சாராவின் குரலிலேயே ஒலி உருளையில் பதிந்தது. பாதிப் பேச்சு, பாதிப் பாட்டு, நடுங்கி நடுங்கி ஏறுகிற குரல்.

சரி, இப்படியெல்லாம் நடந்ததா? இல்லை. நிஜக் கோமகன் வாக்ராமுக்குத் தப்பி ஓடியதில்லை. தாத்தாவிடம் பாசமாகவே இருந்தான், வெள்ளைச் சீருடையை விருப்பத்தோடுதான் அணிந்தான். மார்மோனை மட்டும் 1831-இல் வியன்னாவில் உண்மையாகவே சந்தித்து அப்பாவின் போர்களைப் பற்றி மணிக்கணக்கில் கேட்டிருக்கிறான். ரொஸ்தானுக்கு இந்த இடைவெளி தெரியும். நாடகத்தோடு சேர்த்து அச்சிட்ட கவிதையில், சில நேரம் ஆவணத்தைவிடக் கனவு குறைவாகவே ஏமாற்றும் என்று எழுதி வைத்தார்.

கடல் தாண்டியதும் சட்டை மாறியது. 1900 அக்டோபரில் நியூயார்க்கின் நிக்கர்பாக்கர் அரங்கில் தயாரிப்பாளர் சார்லஸ் ஃப்ரோமன் இதை ஆங்கிலத்தில் போட்டார். கோமகனாக மாட் ஆடம்ஸ், 27 வயது. ஐந்து வருடம் கழித்து பீட்டர் பேனாக நடித்து அமெரிக்காவையே மயக்கியவர். ஒரே மாதத்தில் சாராவே அதே ஊரில் வந்து இறங்கினார், இந்த முறை ஃபிளாம்போ வேஷத்தில் சிரானோ புகழ் கோக்லானோடு. ஒரு நகரம், ஒரே பருவம், இரண்டு கழுகுக் குஞ்சுகள், இரண்டும் பெண்கள். ஆடம்ஸின் பையன் துள்ளுகிற பிள்ளை, சாராவின் பையன் சாகப்போகிற இளவரசன் என்று ரசிகர்கள் பிரிந்தார்கள். 1934-இல் பிராட்வேயில் ஈவா லெ காலியன் இதே வேஷம் கட்டினார். ஆண்கள் மெல்ல வந்து சேர்ந்தார்கள். 1931 பிரெஞ்சுப் படத்தில் கோமகன் ழான் வெபர். 1937-இல் ஒனெகரும் இபேரும் அங்கங்களைப் பங்கிட்டுக்கொண்டு இசையமைத்த ஆப்பரா மான்டி கார்லோவில் அரங்கேறியபோது வேஷம் திரும்பவும் பெண் குரலுக்கே போனது. பாடியவர் ஃபானி ஹெல்டி.

ரொஸ்தானுக்கு இந்த நாடகம் உடம்பைக் கெடுத்தது. நுரையீரல் நோய் முற்றி, 1900-இலேயே பாரிஸை விட்டு பிரான்சின் தென்மேற்கு மூலையில் உள்ள காம்போ ஊருக்குக் காற்று மாற்றத்துக்குப் போனார். பிரெஞ்சு அகாடமி 1901-இல் தேர்ந்தெடுத்தது. 1918-இல் பாரிஸில் இறந்தார்.

கடைசியாகப் பையனுக்கு உடை மாட்ட வந்தவர் ஹிட்லர். 1940 டிசம்பர் 15, நெப்போலியனின் உடல் பாரிஸுக்குத் திரும்பி சரியாக நூறாவது வருடம். வியன்னாவின் கப்புச்சின் நிலவறையிலிருந்து மகனின் சவப்பெட்டியை ரயிலில் அனுப்பி வைத்தார், பிரெஞ்சு மக்களுக்கு அன்பளிப்பாக. நள்ளிரவில், கடும் குளிரில், தீப்பந்த வெளிச்சத்தில், ஜெர்மனி பிடித்து வைத்திருந்த பாரிஸில், ஜெர்மன் சிப்பாய்கள் நடுவே பெட்டி அப்பாவின் கல்லறை இருக்கும் இன்வாலிட் ஆலயத்துக்குப் போனது. மேலே மூவர்ணக் கொடி போர்த்தியிருந்தது. வரவேற்க வரச் சொன்ன பிரெஞ்சு அரசின் தலைவர், கிழ மார்ஷல் பெத்தேன் வரவில்லை. அடுப்புக்குக் கரி கிடைக்காமல் விறைத்துக்கொண்டிருந்த பாரிஸ்காரர்கள், நிலக்கரியை எடுத்துக்கொண்டு சாம்பலைக் கொடுக்கிறான் என்று சிரித்தார்கள். அதே ஆக்கிரமிப்புக் காலத்தில் ஷாத்லே சதுக்க அரங்கின் நெற்றியிலிருந்து சாரா பெர்னார்ட்டின் பெயரை எடுத்துவிட்டார்கள். காரணம், அவர் யூதத் தாய்க்குப் பிறந்தவர். பையனின் எலும்புக்கு மரியாதை, அவனுக்கு உடம்பு கொடுத்து நடமாட வைத்தவளுக்கு அவமானம்.

1969-இல் அவனை இன்வாலிடின் கீழ்த்தளத்துக்கு மாற்றினார்கள். முடிசூட்டு அங்கியில் நிற்கும் அப்பாவின் சிலைக்கு முன்னால், தரையோடு தரையாக ஒரு கல். நெப்போலியன் இரண்டு, ரோமாபுரி அரசன் என்று எழுதியிருக்கிறது. ரைக்ஸ்டாட் என்ற பெயர் அதில் இல்லை. ஆனால் ஹாப்ஸ்பர்க் வழக்கப்படி உடலைத் தனியாகவும் உள்ளுறுப்புகளைத் தனியாகவும் வைப்பார்கள். குடல் வியன்னாவின் ஸ்டெஃபான் பேராலயத்தில், இதயம் அகஸ்டினர் தேவாலயத்து அறையில் ஒரு கலசத்தில். அந்த இரண்டையும் யாரும் பாரிஸுக்கு அனுப்பவில்லை. ஷோன்புருனில் அவன் இறந்த அறையில், அவன் வளர்த்த கொண்டை வானம்பாடி பாடம் செய்யப்பட்டுக் கண்ணாடிக்குள் இன்னும் உட்கார்ந்திருக்கிறது.